விறாந்தை வளைவில் வெடிப்பு: பிழை வளைவில் இல்லை

முள்ளியவளையில் அப்பப்பா 1964இல் கட்டிய வீட்டின் முன்விறாந்தையில் மூன்று செங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்குப் பக்க வளைவின் உச்சியில் ஒரு வெடிப்பு. முதலில் பூச்சில்தான் என்று நினைத்தேன், பூச்சைக் கொத்திப் பார்த்தால் கல்லுக்குள்ளும் போயிருந்தது. 2023 ஒக்ரோபரில், மாரி தொடங்க முன்னர், வெடிப்புக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சீமெந்து அப்பி, காய்ந்ததும் அதன் மேல் பென்சிலால் திகதி எழுதிவிட்டேன். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏணி வைத்து ஏறியபோது மூன்றும் நடுவால் பிளந்திருந்தன. அதாவது வெடிப்பு பழசு இல்லை, இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. அடியில் 7 மில்லிமீற்றர், மேலே போகப் போக மயிரளவு.

இந்த "அடியில் அகலம், மேலே ஒடுக்கம்" என்பதை வடிவாகக் கவனிக்க வேண்டும், நோயின் பெயரைச் சொல்வது அதுதான். உச்சியில் அடிப்பக்கம் வாய் திறந்து, இரண்டு தோளிலும் (உச்சிக்கும் காலுக்கும் இடைப்பட்ட பகுதி) மேல்பக்கம் வாய் திறந்திருந்தால், வளைவைத் தாங்கும் கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன என்று அர்த்தம். கால் விலகும்போது உச்சி இறங்கும், அதனால் உச்சியில் கீழே பிளக்கும், தோளில் மேலே பிளக்கும். ஏணியில் நின்று தோள்ப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன், பூச்சு பொத்தென்று விழுந்தது, உள்ளே அதே கதைதான். பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது கிழக்குக் கடைசித் தூண் வெளிப்பக்கம் மூன்று நூல் சரிந்திருந்தது. வளைவின் உச்சி பக்கத்து வளைவைவிட நாலு நூல் தாழ்வு. எட்டு நூல் ஓர் அங்குலம். பார்க்கச் சின்னக் கணக்குத்தான், ஆனால் ஒரு மாரிக்குள் சீமெந்து அப்பலைப் பிளக்கும் அளவுக்கு அது நகர்ந்திருக்கிறது.

ஏன் அந்தத் தூண் மட்டும்? இதற்கு விடை கண்டுபிடிக்க அம்மாவின் ஞாபகம்தான் உதவியது. கிழக்குப் பக்கத்தில் விறாந்தையை ஒட்டி ஒரு நெல் அறை இருந்தது. இடம்பெயர்ந்து போய் 2010இல் திரும்பி வந்தபோது அதன் கூரையும் இரண்டு சுவரும் இல்லை. மிச்சம் நின்றதில் நல்ல கற்களாகப் பார்த்து எடுத்துத்தான் அப்பா குசினிக்குச் சுவர் வைத்தார். விறாந்தைச் சுவரின் நேர்கோட்டில் ஓடிய நெல் அறைச் சுவரில் இடுப்பளவுத் துண்டு ஒன்று மட்டும் மிஞ்சியது. அந்தச் சுவர்தான் அதுவரை மூன்றாவது, அதாவது கிழக்கு வளைவின் பக்கவாட்டுத் தள்ளலை வாங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த நேரம் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதுதான் பெரிய விசயம். அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் சுவருக்கு மேலே கிடையாக ஓடிய வோல்பிளேற் மரம். மூன்று வளைவுக்கும் மேலால் ஒரே தொடராகப் போய்க் கடைசித் தூணின் தலையைக் கட்டிப் பிடித்திருந்தது. அதன் கிழக்கு நுனியைக் கறையான் தின்றுவிட்டது. பிடி விட்டது, தூண் நகரத் தொடங்கியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், வன்னியில் இப்படி வளைவு வைத்த பழைய வீடுகள் மிஞ்சியது கொஞ்சம். வெடிப்பைக் கண்டதும் எல்லாரும் வளைவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். வந்து பார்த்த முதல் ஒப்பந்தகாரர் பத்து நிமிடத்தில் "உதெல்லாம் பழைய முறை, இடிச்சுப்போட்டு லின்ரல் போட்டு, வேணுமெண்டா கீழ வளைவு மாதிரிப் பூசித் தாறன்" என்றார். வளைவு மாதிரி! லின்ரல் என்ற கொங்கிறீற் பலகைக்குக் கீழே பூச்சில் வளைத்துக் காட்டும் ஒன்றுக்கும், கல்லோடு கல் நெருக்கிக் கம்பி ஒன்றுமில்லாமல் அறுபது வருடம் சுமை தாங்கிய ஒன்றுக்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பி ஏன் தேவையில்லை என்றால், செங்கல்லை நெரித்தால் தாங்கும், இழுத்தால் தாங்காது. லின்ரல் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், அதனால்தான் அடியில் கம்பி. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெரிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நெரிப்பு கடைசியில் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் போகும். அதை வாங்க ஆள் வேண்டும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை நினைத்துப் பாருங்கள், 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்து இரும்பு இல்லாமல் கட்டியது. நடுத் தூண் ஒவ்வொன்றிலும் இந்தப் பக்க வளைவு அந்தப் பக்கமும், அந்தப் பக்க வளைவு இந்தப் பக்கமும் தள்ளி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இரண்டு அந்தத்திலும் மலை. எங்கள் விறாந்தையில் மேற்கு அந்தத்துக்கு வீட்டு அறை இருக்கிறது, கிழக்கு மலையைத்தான் நாங்கள் கழற்றிக் குசினி கட்டிவிட்டோம்.

தள்ளல் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். வளைவின் வாய் அகலம் 5 அடி, எழுச்சி 1 அடி, அதாவது வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சியின் அடிப்பக்கம் வரைக்கும் ஓர் அடி. மேலே உள்ள சுவரின் பாரம் ஏறத்தாழ 510 கிலோ. பாரத்தை அகலத்தால் பெருக்கி, எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்தால் பக்கத்தள்ளல் கிடைக்கும்: 510 ஐ 5 ஆல் பெருக்கி 8 ஆல் வகுக்க ஏறத்தாழ 320 கிலோ. ஆறடி உயரத்தில் 320 கிலோ ஒரு தூணை வெளியே தள்ளிக்கொண்டே, இரவு பகல் ஓய்வில்லாமல் நிற்கிறது. இந்தக் கணக்கு சுமை சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துப் போட்டது, மதிப்பீடுதான். இதையும் தூணின் கணக்கையும் எனக்குத் தெரிந்த ஒரு ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) அண்ணையிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். உங்கள் வீட்டில் கூரைப் பாரம் வேறு, மண் வேறு, அங்கே இந்த எண்களைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

இந்தச் சூத்திரத்தைத் தங்கச்சிக்குச் சொன்னபோது அவள் கேட்டாள், "அப்ப எழுச்சியைக் கூட்டினாத் தள்ளல் குறையும்தானே அண்ணா, அரைவட்டமாக் கட்டிவிடுங்கோவன்." சரியான கேள்வி. அரைவட்ட வளைவில் எழுச்சி அகலத்தின் பாதி, எங்களுக்கு இரண்டரை அடி வரும், தள்ளல் 130 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். ரோமர்கள் பெரும்பாலும் அதையே கட்டினார்கள். உச்சியைக் கூராக்கி இன்னும் உயர்த்தினால் இன்னும் குறையும், பழைய ஐரோப்பியத் தேவாலயங்களில் கூர்வளைவு அவ்வளவு உயரம் போக முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எங்கள் விறாந்தையில் உச்சி ஏழடியில் இருக்கிறது, அதை உயர்த்தக் கூரை விடாது. அரைவட்டம் வைத்தால் வளைவு தொடங்கும் இடம் ஆறடியிலிருந்து நாலரை அடிக்கு இறங்கும், ஓரத்தால் போகிறவர் நெற்றி அடிபடும். அப்பப்பாவின் மேசன் வட்டத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வட்டத்துண்டு வளைவு சோம்பேறித்தனம் இல்லை, சீனாவின் சாவ்சோவில் 605ஆம் ஆண்டளவில் கட்டிய கல்ப்பாலம் 37 மீற்றர் அகலத்தை ஒரே தாவலில் கடப்பது இந்த வடிவத்தில்தான், இன்றைக்கும் நிற்கிறது. தாழ்வாகக் கடக்கலாம், விலையாகப் பக்கத்தாங்கலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

மற்ற வடிவங்களைப் பற்றியும் அந்தக் கிழமை முழுக்க வீட்டில் பேச்சு. அரைவட்டத்தையும் தாண்டி உள்ளே மடங்கினால் லாட வளைவு. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இருப்பது போல் விளிம்பு இதழ் இதழாக வெட்டுப்பட்டிருந்தால் இதழ் வளைவு. பழைய கட்டடங்களின் யன்னலுக்கு மேல் கல்லைச் சரித்துச் சரித்து அடுக்கி அடிப்பக்கம் நேராக இருக்குமே, அதுகூட வளைவுதான், மட்டவளைவு, பக்கத்தள்ளல் அதில் பயங்கரம். மாறாக, கற்களைக் கிடையாகவே வைத்து ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் வெளியே நீட்டி நீட்டி நடுவில் சந்திக்க வைத்தால் அது பார்வைக்கு மட்டும்தான் வளைவு. அங்கே கல் கல்லை நெரித்து நிற்பதில்லை, பின்பாரம் பிடித்து நிற்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்களூரில் சுண்ணாம்புச் சாந்தில் கை பழகிய மேசன் அண்ணை ஒருவர் இருக்கிறார், அறுபது தாண்டியவர். கேட்டதும் "வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும் தம்பி" என்றார். பொங்கல் முடிந்து 2024 யூனில் தொடங்கினோம்.

முதலில் கிழக்குப் பக்கக் கூரை ஓடுகளை இறக்கி, கைமரங்களுக்கு முண்டு கொடுத்தோம். நான் அலவாங்கை எடுத்து உச்சிக் கல்லைக் கிளப்பப் போக, அண்ணை கையைப் பிடித்துவிட்டார். "இந்தப் பக்கத்தை எடுத்தா நடுவில நிக்கிறது எந்தப் பக்கம் போகும்?" ஒரு நிமிடம் எனக்கு உடம்பு குளிர்ந்தது. இவ்வளவு கணக்குப் போட்டேன், ஈடுசெய்வது பற்றி இவ்வளவு பேசினேன், ஆனால் மூன்றாவது வளைவைக் கழற்றினால் நடுவளைவின் தள்ளலுக்கு எதிர்த்தள்ளல் இல்லாமல் போகும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மூன்றும் சேர்ந்தே வந்திருக்கும். அன்று முழுக்க வேறு வேலை இல்லை: நடுவளைவுக்குக் கீழே முண்டு, பிறகு நடுவளைவுக்கும் மூன்றாவதுக்கும் பொதுவான தூணிலிருந்து கடைசித் தூணின் அடிக்குச் சரிவாக ஒரு பனங்குற்றி, குற்றியின் இரண்டு நுனிக்கும் பலகை வைத்து ஆப்பு அடித்து இறுக்கினோம். வரிசையாக வளைவு உள்ள வீட்டில் கை வைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

பிறகுதான் கழற்றினோம். கல் எல்லாம் முழுசாக வந்தது, காரணம் பழைய சுண்ணாம்புச் சாந்து. சீமெந்துச் சாந்து என்றால் சாந்து விடாது, கல்தான் உடையும். புதிய சாந்துக்கும் சீமெந்தைத் தனியாகப் போட நான் விடவில்லை. சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்தோம். தனிச் சுண்ணாம்பு இறுகக் கனநாள் எடுக்கும், தனிச் சீமெந்து இந்த மென்மையான கல்லுக்கு மிஞ்சிய இறுக்கம், சின்ன அசைவுக்கே கல்லைப் பிளந்துவிடும்.

வளைவுக்கு முன்னர் கால். தூணின் அடியைத் தோண்டியபோது ஓட்டுத் தண்ணீர் நேராக அங்கே விழுந்து மண்ணை அரித்திருந்தது தெரிந்தது, கருங்கல் அத்திவாரத்தின் ஒரு மூலை வெறும் வெளியில் நின்றது. அதை நிரப்பி, மிஞ்சியிருந்த நெல் அறைச் சுவர்த் துண்டின் மேலேயே மூன்றடி நீளமான முட்டுச்சுவர் ஒன்றை எழுப்பினோம். அடியில் அகலம், மேலே போகத் தூணோடு சரிந்து சேரும். தூணின் ஒவ்வொரு இரண்டாம் வரிசையிலும் கல்லை வெட்டி எடுத்துப் புதுக் கல்லைப் பல் பல்லாகக் கோத்தோம், சும்மா ஒட்டிவைத்தால் இரண்டும் தனித்தனியாகத்தான் நிற்கும். இந்த முட்டுச்சுவரோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கவிழ்க்கும் விசைக்கு எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது.

அடுத்தது அச்சு, வளைவு தானாக நிற்கும்வரை கற்களைக் கீழிருந்து தாங்கும் சட்டகம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வளைவின் வட்டத்துக்கு ஆரை வேண்டும்: அரை அகலம் 30 அங்குலம், அதன் வர்க்கம் 900, எழுச்சி 12, அதன் வர்க்கம் 144, கூட்டினால் 1044, அதை எழுச்சியின் இருமடங்கான 24 ஆல் வகுக்க 43.5 அங்குலம். நிலத்தில் பிளைவூட்டை விரித்து, ஆணியில் நூல் கட்டி வரைந்தேன். ஆனால் 43.5க்கு இல்லை, 43க்கு. பிளைவூட் விலாவுக்கு மேலே அரை அங்குலச் சலாகைகள் அடிக்க வேண்டும், அந்த அரை அங்குலத்தைக் கழிக்காவிட்டால் வளைவு மற்ற இரண்டோடும் ஒத்துவராது.

வரைந்த கையோடு இன்னொன்றும் செய்து பார்த்தேன். 1675இல் றொபேட் ஹூக் சொன்னது: தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் அதுதான் தன் பாரத்தைத் தானே தாங்கும் வளைவு. இரண்டு சைக்கிள் செயினை இணைத்துப் பிளைவூட்டில் ஐந்தடி இடைவெளியில், ஓரடி தாழும்படி தொங்கவிட்டு, அதன் கோட்டை எங்கள் வட்டத்துண்டோடு ஒப்பிட்டேன். கால்வாசித் தூரத்தில் அளந்தால் வித்தியாசம் இரண்டு நூல்தான்! கல்லின் தடிப்புக்குள் அது காணாமல் போய்விடும். அரைவட்டத்துக்கும் அதேபோல் தொங்கவிட்டால் அதே இடத்தில் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் விலகுகிறது, அதனால்தான் அரைவட்ட வளைவுகளின் தோளில் சுவரை நிரப்பிப் பாரம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். மேசன் அண்ணை செயினைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அதைத் தானே ஒருமுறை கழற்றித் தொங்கவிட்டுப் பார்த்தார்.

அச்சை நாலு காட்டுத்தடிக் காலில் நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் கீழே எதிரெதிராகச் செருகிய இரண்டு பாலைமர ஆப்பு வைத்தோம். ஆப்பு இல்லாமல் அச்சு வைக்கக் கூடாது, கழற்றும்போது ஏன் என்று தெரியும்.

எங்கள் கல் 8 அங்குல நீளம், 4 அகலம், 2 தடிப்பு. நீளம் சுவரின் தடிப்புக்குப் போக, கல்லை விளிம்பில் நிறுத்தி 4 அங்குல ஆழத்தில் இரண்டு வளையங்களாகப் பழைய மேசன் கட்டியிருந்தார். எட்டங்குலத்தில் ஒரே வளையமாக வைத்தால் என்ன என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தபோது விடை வந்தது. உள்வளைவின் நீளம் 66 அங்குலம், அதில் 27 கல், அடியில் சாந்து அரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. நேர்க் கல்லை வளைத்து அடுக்கும்போது சாந்துதான் ஆப்பு வடிவம் எடுக்கிறது, எட்டங்குலம் மேலே போனால் அந்தச் சாந்து 0.9 அங்குலமாகிவிடும். அவ்வளவு தடித்த சாந்து காயும்போது சுருங்கும். இரண்டு வளையமாகப் பிரித்தால் உள்ளே 27, வெளியே 29, எங்கும் முக்கால் அங்குலத்தைத் தாண்டாது. இரண்டும் ஒற்றை எண், உச்சியில் சாந்து வராமல் கல் வரவேண்டும் என்பதற்காக.

கற்களை முதல்நாள் இரவே தண்ணீரில் போட்டோம். காலையில் இரண்டு கால்களிலும் வளைவு தொடங்கும் சரிவுக் கல்லை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். வட்டத்தின் மையம் தொடக்க மட்டத்துக்கு 31.5 அங்குலம் கீழே, வெறும் வெளியில்தான் வருகிறது. அங்கே ஒரு குறுக்குச் சட்டத்தில் ஆணி அடித்து நூல் கட்டினேன், ஒவ்வொரு கல்லின் சாய்வும் அந்த நூலின் நேருக்கு இருக்க வேண்டும். இடையில் அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போக, நான் ஆர்வத்தில் ஒரே பக்கமாக நாலு கல் ஏற்றிவிட்டேன். அச்சு மற்றப் பக்கம் இரண்டு நூல் நகர்ந்துவிட்டது. அவர் வந்து பார்த்து ஒன்றும் பேசவில்லை, நாலையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அச்சை மறுபடி மட்டம் பிடித்தார்.

கடைசியாக உச்சிக் கல். பூட்டுக்கல் என்றும் சொல்வார்கள், அதை எடுத்தால் எல்லாம் விழும் என்பது பொதுவான பேச்சு. உண்மைதான், ஆனால் எந்தக் கல்லை எடுத்தாலும் விழும். உச்சிக் கல்லுக்கு உள்ள ஒரே சிறப்பு அது கடைசியாக வருவது, அது வரும்வரை மற்ற எல்லாம் அச்சில்தான் படுத்திருக்கின்றன. அடிப்பக்கம் கொஞ்சம் ஒடுங்க அரிந்து, சாந்து பூசி, பலகைத் துண்டு வைத்துத் தட்டி இறக்கினோம். அதைத் தட்டும்போது வரும் சத்தம் ஒவ்வொரு தட்டுக்கும் மாறும், பொத்துப் பொத்தென்று தொடங்கி இறுகின பிறகு கணீர் என்று ஒலிக்கும். அம்மா குசினியிலிருந்து வெளியே வந்துவிட்டா அந்தச் சத்தத்துக்கு.

சாக்கு நனைத்துப் போட்டு இரண்டு கிழமை விட்டோம். பதினைந்தாம் நாள் ஆப்புகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு மட்டும், நாலு காலிலும் சுற்றிச் சுற்றித் தளர்த்தினோம். ஆப்பு இருந்தால்தான் பாரம் மெல்ல மெல்ல வளைவுக்கு மாறும், அச்சை ஒரேயடியாக உருவினால் பச்சைச் சாந்து அடி வாங்கும். நாலாவது சுற்றில் சலாகைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு தாள் நுழைந்தது. உச்சி ஒரு நூல் இறங்கி நின்றுவிட்டது. மறுநாள் பனங்குற்றியைக் கழற்றி, கறையான் தின்ற வோல்பிளேற் நுனியை வெட்டி முதிரைத் துண்டு பொருத்தி, ஓடுகளை மேலே ஏற்றினோம்.

புது வளைவை இன்னும் பூசவில்லை. உச்சியிலும் இரண்டு தோளிலும் மறுபடி சீமெந்து அப்பித் திகதி போட்டிருக்கிறேன், ஒரு முழு மாரி போய்விட்டது, மூன்றும் அப்படியே இருக்கின்றன. தூணின் சரிவும் அளந்ததில் மாற்றமில்லை. கிழக்குப் பக்கத்துக்கு, ஓட்டுத் தண்ணீரை வாங்க, பீலி போடும் வேலை மட்டும் பாக்கி, அது முடிந்த பிறகுதான் பூச்சு.